பின்புறத் தூணில் இருவர்

சுவான்ஜோ, சீனா
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவிகா அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன், சாப்பாடும் இறங்குகிறது. நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் எப்படி? ரொம்சோஸ் மேட்டில் ஏறி இறங்கி அதை முடித்துவிடாதீர்கள்.

இங்கே வெயில் என்றால் அப்படியொரு வெயில். ஒஸ்லோவில் முப்பது வருடம் இருந்த உடம்பு உருகி ஓடுகிறது. எங்கள் கம்பெனிக் கப்பல் கட்டும் தளத்தில் இன்னும் எலும்புக்கூடாகத்தான் நிற்கிறது. நவம்பர் முடிய இயந்திரம் பூட்டி முடிப்பதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்றைக்குப் பஸ் ஏறி நகரத்துக்குள் போய் ஊர் பார்க்கிறேன்.

பழைய துறைமுகப் பட்டினம் அக்கா. ஒரு காலத்தில் எங்கள் ஆட்களும் அரபிகளும் மிளகும் துணியும் கொண்டுவந்து விற்ற இடம். இப்போது தெரு முழுக்க ஸ்கூட்டர். மீன்காரப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வரும் பெட்டைகளும் காசு கொடுத்து அதேமாதிரிப் பூ வைத்துப் படம் எடுக்கிறார்கள். தெருவோரக் கடையில் மெல்லிய நூடில்ஸைக் கரையக் காய்ச்சி, மட்டி போட்டு ஒரு கஞ்சி தந்தார்கள். ஒரு வாய் வைத்தேன். சத்தியமாக எங்கள் கூழ்! புளியும் உறைப்பும்தான் இல்லை. பையில் இருந்த மிளகாய்த்தூளை எடுத்துப் போட்டேன். கடைக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவளுடைய அம்மாவை ஏசிவிட்டேன் போல.

வாட்ஸ்அப் இங்கே வேலை செய்யாது. ஆகவே மின்னஞ்சல்தான், இடைக்கிடை சாதாரண போன்.

நான் எந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும். படம் காட்டிக் காட்டி அவர் எனக்கு வெறுக்கவைத்த நகரம் இது. அனுப்பியது கம்பெனி, நானாகத் தேடி வரவில்லை.

அன்புத் தம்பி
ரிஷிகேசன்

உ
ரொம்சோஸ், ஒஸ்லோ
17 ஆகஸ்ட் 2025

என் செல்லத் தம்பி ரிஷிக்கு,

முருகன் புண்ணியத்தில் நான் நலம், முழங்கால் நலமில்லை. அத்தானும் சுகம், வழக்கம்போல ரீவிக்கு முன்னால். நீ உடம்பைப் பார். தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடி.

பூ வைத்த பெண்களைத் தவிர வேறொன்றும் உன் கண்ணில் படவில்லையாக்கும்! கலியாணம் வேண்டாம் என்று கப்பலைக் கட்டிக்கொண்டவன், ஐம்பது வயதில் கரையில் நிற்கிறாய். அந்தப் பூவிலாவது ஏதும் நடக்கட்டும்.

நான் இந்தக் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாகத் திரிகிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. எனக்கில்லை.

ஒரு விசயம். அங்கே கையுவான் என்று பெரிய புத்த கோயில் இருக்கிறதாம். முன்பக்கம் பார்த்துவிட்டு வந்துவிடாதே. பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால், நடுவில் இரண்டு தூண்கள் மற்றத் தூண்களைப் போல இராதாம். இடிந்துபோன எங்கள் கோயில் ஒன்றில் இருந்து கொண்டுவந்து நிறுத்தியவையாம். அதில் என்னென்ன செதுக்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுது. போட்டோ அனுப்பாதே. போட்டோவைப் பார்க்கக் கண் தெளிவில்லை, காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

யாருடைய கண் என்று கேட்டால் சொல்வேன். நீ ஒருவரைப் பற்றி விசாரிக்கவேயில்லை. விசாரித்தால் எல்லாம் எழுதுவேன். ‘அவன் தானாக் கேட்டால் சொல்லு, கேக்காட்டி வாய் திறக்காதை’ என்று எனக்குக் கட்டளை. என் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கியாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
தேவிகா

சுவான்ஜோ
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மின்னஞ்சலுக்கும் பிள்ளையார் சுழி போடும் ஒரே ஆள் நீங்கள்தான். நான் சுகம், தண்ணி கொதிக்கிறது, பூவில் ஒன்றும் நடக்கவில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை, வீட்டுக்கு வந்தால் சமையல், சீரியல். உங்களுக்கு எப்போது தூணில் அக்கறை வந்தது? இது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார், உங்கள் அண்ணர் மகேசனின் கேள்வி. வாத்தியாருக்கு வாய் இருக்கிறது. என் மின்னஞ்சல் முகவரியும் மாறவில்லை. கண்ணுக்கு என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. வயது அறுபது தாண்டினால் எல்லோருக்கும் கண் மங்கும்தான்.

ஆனாலும் போனேன். சனமெல்லாம் முன்னால் ஊதுபத்தி ஏற்றிப் புத்தரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. பின்னால் காகம் குருவி இல்லை. இரண்டு தூணும் நிற்கின்றன, கறுத்த கல். தொடவிடாமல் தடுப்பு வைத்திருக்கிறார்கள். வட்டம் வட்டமாகச் சிற்பம். ஒன்றில் நரசிங்கம் மடியில் ஆளைப் போட்டு வயிற்றைக் கிழிக்கிறது. ஒன்றில் கண்ணன் பெண்களின் சேலையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் இருக்கிறான், கள்ளப்பயல். ஒன்றில் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரத்துக்கு நடுவே போகிறான். இன்னொன்றில் மல்லர்கள் இரண்டு பேர். அதற்குள் மழை வந்துவிட்டது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சீனாவில், புத்தருக்குப் பின்பக்கம், தன்னந்தனியாக நிற்கிற நரசிங்கத்தைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பிவிட்டது. நல்லவேளை ஒருவரும் பார்க்கவில்லை.

தம்பி
ரிஷி

உ
ரொம்சோஸ்
7 செப்ரெம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பது கேட்டு நிம்மதி. இங்கே மழை, இலை பழுக்கத் தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒருதரம் எனக்கு. ஒருதரம் சத்தமாக, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு. ‘கள்ளப்பயல்’ என்று வந்த இடத்தில் ஒரு சிரிப்பு. அப்படியொரு சிரிப்பு இந்த மூன்று கிழமையில் இல்லை, தாதி எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். கை கூப்பினதை வாசிக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியாயிற்று.

உன் கூழ்க் கதையைக் கேட்டதில் இருந்து கூழ் வேண்டும் என்று ஆசை. றால், நண்டு, பனங்கிழங்கு ஒடியல் மா எல்லாம் தேடிப்பிடித்துக் காய்ச்சிக்கொண்டுபோனேன். இரண்டு கரண்டிதான் இறங்கியது. அண்ணி மிச்சத்தைக் குடித்தா, குடித்துக்கொண்டே அழுதா.

அடுத்த கேள்வி. அங்கே நூதனசாலையில் யானை ஒன்று சிவலிங்கத்தை வணங்குகிற கல் இருக்கிறதாம். தும்பிக்கையில் பூ வைத்திருக்கிறதா என்று பார்த்து எழுது.

நீ கெட்டிக்காரன். நான் இவ்வளவு எழுதியும் உனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றால் நம்பமாட்டேன்.

அக்கா

சுவான்ஜோ
21 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் பெற வேண்டும். எல்லோரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

விளங்குகிறது அக்கா. விளங்காமல் என்ன? ஆனால் எனக்கும் ஒன்று விளங்கப்படுத்துங்கள். அம்மா செத்தபோது நான் பிரேசிலுக்கு வெளியே நடுக்கடலில். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன், இது யாருக்குத் தெரியாது? அம்மாவே என் தலையைத் தடவி எத்தனை தரம் சொன்னவ, ‘எனக்குக் கொள்ளி நீதான்ரா’ என்று. சற்றலைற் போனில் கெஞ்சினேன். ‘அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, கப்பல் கரைக்கு வந்தவுடனை பறந்து வாறன்.’ சட்டம் விடாது என்றார். சட்டம் பத்து வேலைநாள் தருகிறது என்று பிறகுதான் அறிந்தேன். பாதி நாளிலேயே எரித்து முடித்துவிட்டார். நான் வந்து பார்த்தது ஒரு சாடிச் சாம்பல். ஆறு வருடமாகிறது. அந்தச் சாடியின் பாரம் இன்னும் கையில் இருக்கிறது.

யானைக்கு வருவோம். நூதனசாலைக்குப் போனேன். கல் இருக்கிறது. யானை தும்பிக்கையைத் தூக்கி லிங்கத்தை வணங்குகிறது. பூவா தளிரா என்று தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பூ என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கேட்பவரை.

ரிஷி

உ
ரொம்சோஸ்
28 செப்ரெம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

என் சுகத்தை விடு. உன் கோபம் சுகமாக இருக்கிறது, அது தெரிகிறது.

அண்ணர் செய்தது பிழை. நான் ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை. மண்டபம் கிடைத்த நாள் அது, கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரருக்கு ரிக்கற் இருந்த நாள் அது என்றெல்லாம் அன்றைக்குக் காரணம் சொன்னோம். காரணமெல்லாம் இருந்தது, நீதான் இல்லை. கொள்ளியை வைத்துவிட்டு வந்து அண்ணர் சாப்பிடவில்லை. ‘என்ரை தம்பியின்ரை உரிமையைப் பறிச்சுப்போட்டன்’ என்று குளியலறைக்குள் நின்று அழுதது எனக்குக் கேட்டது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அவர். சொல்ல ரோசம் விடவில்லை. நீ மட்டும் என்ன, அதே வயிற்றில் பிறந்தவன்தானே?

ஒரு வரி எழுது ராசா. ‘அண்ணை எப்பிடி?’ இரண்டே சொல். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். என்னை இப்படி வாயைக் கட்டி நடுவில் நிறுத்தாதே.

யானை பற்றி வாசித்தேன். ‘பூத்தான், பூத்தான்’ என்றார். இப்போது கேட்பது: தூணில் உள்ள மல்லர்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்களா, கட்டிப்பிடிக்கிறார்களா? ‘வடிவாப் பாத்து எழுதச் சொல்லு’ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா

சுவான்ஜோ
12 ஒக்ரோபர் 2025

அக்காவுக்கு,

சுகம்.

இங்கே பெரிய விடுமுறை வந்து போனது. கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. சனத்தின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

சண்டைதான். கல் எவ்வளவு தேய்ந்தாலும் சண்டை சண்டைதான் என்று சொல்லுங்கள்.

ரிஷி

சுவான்ஜோ
26 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? அத்தான் சுகமா? அண்ணியின் பெட்டை கம்சிகா வேலைக்குப் போகிறாளா?

நாலு கிழமையாக உங்களிடம் இருந்து ஒன்றும் இல்லை. போன் எடுத்தேன். அத்தான் எடுத்து ‘அக்கா குளிக்கிறா’ என்றார். அடுத்தநாள் எடுத்தேன், அப்போதும் குளிக்கிறீர்கள். ஒஸ்லோத் தண்ணியெல்லாம் முடிந்துவிடும்.

போன கடிதம் அவசரத்தில் எழுதியது. அந்தக் கடிதத்தை நினைக்க எனக்கே ஒருமாதிரி இருக்கிறது. உண்மையில் நான் வடிவாகப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில் போய், சனம் வர முன்னம் பார்த்து, யாருடைய கை யாருடைய தோளில் என்று சரியாக எழுதுகிறேன். கேட்டவருக்குச் சொல்லிவையுங்கள்.

கோபம் என்றால் ஏசி எழுதுங்கள். பேசாமல் இருக்காதீர்கள்.

தம்பி
ரிஷி

ரொம்சோஸ்
29 ஒக்ரோபர் 2025

தம்பி ரிஷிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே குளிர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாதே. அந்தக் கோயிலுக்கு மட்டுமில்லை, எந்தக் கோயிலுக்கும் போகாதே. அறையில் சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தாதே. மீன், இறைச்சி சாப்பிடாதே, மட்டிக் கஞ்சியும் வேண்டாம்.

ஏன் என்று நான் எழுதக் கூடாது. நீ சின்னப்பிள்ளை இல்லை.

அக்கா

சுவான்ஜோ
30 ஒக்ரோபர் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைத் தளத்தில், இயந்திர அறைக்குள் நின்று வாசித்தேன். முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு மேலே பார்த்தேன். பிள்ளையார் சுழி இல்லை. நீங்கள் கடைச் சாமான் துண்டுக்கும் சுழி போடுகிறவர்.

கோயிலுக்குப் போகக் கூடாது என்றால் தீட்டு, துடக்கு. துடக்கு என்றால் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்க ஒருவரும் இல்லை அக்கா. கம்சிகாவுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை.

பக்கத்தில் நின்ற சீனப் பொடியன் தண்ணிப்போத்தலை நீட்டினான். நான் அழுகிறேன் என்று அவன் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கேட்கிறேன். தானாகக் கேட்கிறேன், ஒருவரும் சொல்லித்தரவில்லை. அண்ணை எப்பிடி? என்ரை அண்ணை எப்பிடி அக்கா?

ரிஷி

ரொம்சோஸ்
30 ஒக்ரோபர் 2025

என் ராசா,

கேட்டுவிட்டாய். இனி என் வாய் கட்டில்லை.

அண்ணர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு. அண்ணியும் கம்சிகாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். ஜூலை மாதமே ஈரலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நீ வெளிக்கிடும்போதே தெரியும். ‘அவனைப் போகவிடு. நான் சாகப்போறன் எண்டு இரங்கிக் கதைக்க வேண்டாம். கதைக்க வேணும் எண்டு நினைச்சுக் கதைக்கட்டும்’ என்றார். ‘நீங்கள் செத்தாப் பிறகும் சொல்லக் கூடாதோ?’ என்று கோபத்தில் கேட்டேன். ‘அப்பவும்தான். நான் அம்மாவுக்கு அவனை விட்டிட்டுச் செய்தனான். எனக்கு வந்து செய் எண்டு கேக்க என்ன முகம் இருக்கு?’ என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். ஆனால் துடக்கைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதைச் சொன்னால் சத்தியம் தப்பாது. துடக்கோடு நீ கோயிலுக்குள் போய் நிற்க நான் விடலாமா? எனக்கு மூன்று நாளோடு கழிந்தது, நான் கலியாணம் கட்டி வேறு வீட்டுக்குப் போனவள். உனக்கு முப்பத்தோராம் நாள் வரைக்கும் இருக்கிறது. அதை எழுதினால் நீ பிடித்துக்கொள்வாய் என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘சண்டைதான்’ என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். ‘கல்லுத் தேய்ஞ்சுபோச்சாம், சரியாத் தெரியேல்லையாம், திரும்பப் போய் வடிவாப் பாத்து எழுதுறானாம்’ என்றேன். அவருக்குச் சந்தோசம். ‘திரும்பப் போவான். பார், போவான்’ என்றார். அதற்குப் பிறகு பெரிதாகக் கதைக்கவில்லை.

நான் பொய்யாகச் சொன்னதை நீ பிறகு உண்மையாகவே எழுதினாய். அந்தக் கடிதம் அவர் போன அதே ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசித்துக் காட்ட ஆள் இல்லாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்று கத்தி அழுதேன். ரொம்சோஸ் சனம் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

புதன்கிழமைக்கு மண்டபம் எடுத்திருக்கிறது. பையன் இல்லாத வீடு, உரிமைப்படி கொள்ளி உனக்கு. கம்சிகாவோ ‘அப்பாவுக்கு நான்தான் வைப்பன்’ என்று நிற்கிறாள். பெரியவர்கள் ஆளுக்கொரு கதை கதைக்கிறார்கள். நீ வருவாயா இல்லையா என்று மட்டும் சொல். வராவிட்டாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

உன் அக்கா
தேவிகா

சியாமென் விமான நிலையம்
31 ஒக்ரோபர் 2025

அக்கா,

ரிக்கற் கிடைத்துவிட்டது. இரண்டு இடத்தில் மாறி ஒஸ்லோ வருகிறேன். நேற்றில் இருந்து சோறும் மரக்கறியும்தான், கவலைப்படாதீர்கள். அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வரும் வழியில் காரைக் கையுவான் கோயிலடியில் நிறுத்தச் சொன்னேன். விடிந்துகொண்டிருந்தது, சனம் இல்லை. வாசலில் நின்றேன். துடக்கோடு உள்ளே போகவில்லை. மண்டபத்தைச் சுற்றிப் போனால் அந்தத் தூண். ஒரு நிமிடம் பார்த்தால் போதும், அண்ணைக்குப் பதில் சொல்லலாம். போக முடியவில்லை அக்கா. மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் போகக்கூடியதாக இருந்தது. வாசலில் நின்று அழுதுவிட்டு வந்துவிட்டேன்.

கொள்ளியைக் கம்சிகா வைக்கட்டும். அவளோடு ஒருவரும் வாதாட வேண்டாம், நான் வந்து சொல்கிறேன். அம்மாவுக்கும் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கொள்ளியை அண்ணையே வைத்திருக்கலாம். நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் உரிமை, உரிமை என்று ஆறு வருடம் கத்தினேன்.

புதன்கிழமை கம்சிகாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் வையுங்கள். பனியோ புயலோ, பிளேன் பிந்தினாலும் தொடங்கிவிடாதீர்கள். பத்து வேலைநாள் இருக்கிறது, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

அக்கா, இந்தமுறை நான் வருமட்டும் பொறுங்கோ.

ரிஷி